வீட்டுக்கு வாக்கா, ஆளுக்கு வாக்கா?

யாருடைய குரல் இது? பொதுமேடை ஏறிப் பேசுவோர் எவரையும் நோக்கிக் கேட்கத்தக்க கேள்வி இது. மன்னனை நோக்கிக் கேட்டனர். ஆண்டவனின் குரல் என்றான். குருமாரை நோக்கிக் கேட்டனர். மறையின் குரல் என்றனர். அந்த இரு விடைகளையும் குப்பைமேட்டில் கொட்டிவிட்டுத்தான் உலகம் மக்களாட்சிக்கு வந்து சேர்ந்தது. இன்று கேட்டாலோ, மக்களின் குரல் என்கின்றனர் அனைவரும். சொல்வது எளிது. எந்த மக்கள், எத்தனை பேர், எப்போது கேட்டீர், என்ன சொன்னார்கள் என்று அடுத்த கேள்வியைப் போடும்போதுதான் நா குழறுகிறது.

அந்த அடுத்த கேள்வியைக் கேட்பதற்கு நாம் அமெரிக்க நாட்டின் ஒரு மூலையைத் தேர்ந்துகொள்கிறோம். கொடுங்கோலன் எவனும் ஆளாத மூலை அது. கூலி வாங்காமல், பட்டம் பதவி தேடாமல், வேலை முடிந்து களைத்து வந்த மாலை நேரத்தை ஊருக்கென ஒதுக்கும் நல்லவர்கள் நிறைந்த மூலை. தீயவனிடம் குற்றம் காண்பதற்குப் பகுத்தறிவு தேவையில்லை, கண் இருந்தால் போதும். நல்லவர் செய்யும் நற்பணிக்குள்ளே ஒரு முறைகேடு குடியிருக்கக் கூடுமா என்று பார்ப்பதற்கே சிந்தனை வேண்டும்.

அந்த மூலை எத்தகையது என்று முதலில் கூறிவிடுவோம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நம் மாவட்டம் போன்ற பிரிவு அது. ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சிக்குழு ஒன்று அதற்குண்டு. கவுண்டிக்குள்ளே, மாநிலச் சட்டப்படி நகரமென அமைந்துவிட்ட ஊர்களுக்கு மேயர் உண்டு, நகரமன்றம் உண்டு. அப்படி அமையாத ஊர்களும் உண்டு. அவற்றுக்கு மேயர் இல்லை, மன்றம் இல்லை, ஊர் என்ற பெயர் மட்டும் உண்டு. சாலையும் காவலும் கட்டட அனுமதியும் கவுண்டியின் கையில். இவையெல்லாம் காட்டோரச் சிற்றூர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் என்ற பகுதியில் வாழ்வோர் 1 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலோர் மெக்சிகோ வழிவந்த உழைப்பாளிகள். தனி நகரமாக வேண்டுமென்று 1961-லும் 1974-லும் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. இரு முறையும் தோற்றது. 2012-இல் மீண்டும் முயன்றபோது, நிதி போதாது என்று அதற்குரிய ஆணையம் மறுத்துவிட்டது.

லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் மட்டும் இப்படி நகராட்சியில்லாப் பகுதிகளில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் வாழ்கின்றனர். கவுண்டியின் மொத்த மக்கள்தொகையோ 1 கோடியை ஒட்டியது. ஆள்வோர் எத்தனை பேர்? ஐந்து மேற்பார்வையாளர்கள்! தலைக்கு 20 இலட்சம் மக்கள். ஒன்பதாக உயர்த்தலாம் என்று 2024 நவம்பரில் மக்கள் வாக்களித்திருக்கிறார்கள். அது நடைமுறைக்கு வர 2032 ஆகுமாம். 20 இலட்சம் பேருக்கு ஒருவர் என்றால், தெருமுனையில் விளக்கெரியவில்லை என்று அவர் காதில் போடுவது யார்?

இந்த வெற்றிடத்தில்தான் வீட்டுடைமையாளர் சங்கங்கள் வந்து நிற்கின்றன. ஒரு நிறுவனம் நிலத்தை வாங்கி, மனை பிரித்து, வீடு கட்டி விற்கிறது. விற்கும்போதே கிரயப் பத்திரத்தோடு நிபந்தனைகளைக் கட்டிவிடுகிறது. வீட்டை வாங்கியவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சங்க உறுப்பினர். மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தக் கடமைப்பட்டவர். செலுத்தத் தவறினால் அந்தக் கடன் வீட்டின் மீதே ஏறும். பல மாநிலங்களில் வீடே ஏலத்துக்குப் போகும். சுவருக்கு என்ன வண்ணம் பூசலாம், வாசலில் எந்த வண்டி நிற்கலாம் என்பதுவரை சங்கம் விதிக்கும். கொல்லையில் துணி உலர்த்தக் கொடி கட்டக்கூடாது என்று தடுத்த சங்கங்களும் உண்டு. அதனால் சில மாநிலங்கள் துணி உலர்த்தும் உரிமைக்கென்றே சட்டம் இயற்ற வேண்டி வந்தது! (விடுதலைப் போர் நடத்தி அரசனை விரட்டிய நாடு, வேட்டி காயப்போட விடுதலை கேட்டது.) 1970-இல் ஏறத்தாழ 10,000 சங்கங்கள் இருந்தன. 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 3.6 இலட்சத்துக்கும் மேல். அவற்றின் எல்லைக்குள் வாழ்வோர் ஏறத்தாழ 7.5 கோடிப் பேர்.

சங்கம் தன் தெருவை மட்டும் கவனிக்கும். பல தெருக்களுக்கும் பொதுவானவற்றை யார் கவனிப்பது? அதற்கென ஒரு தொண்டர் மன்றம் எழுகிறது. சங்கத்துக்கு ஒரு பிரதிநிதி. மாதம் ஒரு கூட்டம், பள்ளிக்கூட அறையிலோ நூலக மாடியிலோ. கவுண்டியின் திட்ட அலுவலர் படங்களைச் சுருட்டிக்கொண்டு வருகிறார். புதுச்சாலை வரப்போகிறது, வெள்ளநீர்க் கால்வாய் தூர்ந்துவிட்டது, ஒரு மதுக்கடை அனுமதி கேட்கிறது என்று பேசுகிறார்கள். முடிவெடுக்கிறார்கள். ‘எங்கள் சமூகத்தின் கருத்து’ என்று மேற்பார்வையாளருக்குக் கடிதம் போகிறது. அவரும் மகிழ்கிறார். ஆயிரம் பேரைத் தேடி அலைவதைவிட ஒரு கடிதத்தைப் படிப்பது எளிதல்லவா!

இந்தத் தொண்டர்களை நாம் எள்ளி நகையாடப் போவதில்லை. மண்டபத்தின் வாடகையைத் தம் சட்டைப் பையிலிருந்து தருவோர் அவர்களில் உண்டு. இருநூறு பக்கத் திட்ட அறிக்கையை இரவெல்லாம் படித்து, அலுவலர் மறைத்த ஒற்றை வரியைக் கண்டுபிடித்து, ஊரை வெள்ளத்திலிருந்து காத்தவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். 1831-இல் அமெரிக்கா முழுதும் சுற்றிப் பார்க்கப் புறப்பட்ட பிரெஞ்சு அறிஞர் டோக்வில், எதற்கெடுத்தாலும் கூடிச் சங்கம் அமைக்கும் அந்த மக்களின் பழக்கத்தைக் கண்டு வியந்தார். வியக்கத்தக்கதுதான். அரசின் கையை எதிர்பாராமல் தாமே கூடித் தம் காரியம் பார்ப்பது தன்மானமுடையோர் செயல். நம் இளைஞர் மன்றங்களும் படிப்பகங்களும் அவ்வாறு எழுந்தவையே.

நாம் கேட்பது வேறு. அந்தக் கடிதத்தின் மேல் ‘எங்கள் சமூகம்’ என்று எழுதினார்களே, அந்தச் சொல்லுக்கு உரிமை எங்கிருந்து வந்தது?

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். கற்பனைக் கணக்குத்தான்; ஆனால் நடப்பதற்குப் புறம்பானதன்று. 30,000 பேர் வாழும் ஓர் ஊர். இருபது சங்கங்கள், அவற்றில் 4,000 வீடுகள். அவ்வீடுகளில் வாழ்வோர் 12,000 பேர் என்போம். மற்ற 18,000 பேர் யார்? சங்கம் தோன்றுமுன்பே எழுந்த பழந்தெருக்களில் இருப்போர், அடுக்குமாடிகளில் குடிக்கூலிக்கு இருப்போர், வண்டிவீடுகளில் வாழ்வோர். இவர்களுக்குச் சங்கமே இல்லை. ஆகவே பிரதிநிதியும் இல்லை. சங்கத்து வீடுகளிலும் வாடகைக்கு இருப்பவனுக்குப் பொதுவாக வாக்கில்லை. வேறோர் ஊரில் வாழும் வீட்டுக்காரனுக்கு வாக்குண்டு. சங்கக் கூட்டத்துக்குப் பத்தில் ஒரு வீட்டார் வந்தால் 400 வீடுகள். அவர்கள் அனுப்பும் பிரதிநிதிகள் இருபது பேர். மன்றக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பன்னிரண்டு. ஏழு கை உயர்ந்தது, ஐந்து கை உயரவில்லை. தீர்மானம் நிறைவேறியது! ஏழு கைகள் 30,000 பேரின் வாயாக மாறிய விந்தையைப் பார்த்தீர்களா? 800 வீடுகள் கொண்ட சங்கத்துக்கும் 30 வீடுகள் கொண்ட சங்கத்துக்கும் ஒரே ஒரு கைதான் என்பதை இந்தக் கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை.

இனி, அந்த ஏழு பேர் எதைப் பற்றி முடிவெடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். விளக்கும் கால்வாயும் என்றால் கேடில்லை. விளக்கெரிந்தால் எல்லோருக்கும் வெளிச்சம். ஆனால் பேருந்து நிற்குமிடத்துக்கு அருகே வாடகைக் குடியிருப்புகள் கட்டலாமா என்று கவுண்டி கேட்கும்போது? வீட்டுடைமையாளனின் நலமும் வீடற்றவனின் நலமும் அங்கே எதிரெதிராக நிற்கின்றன. வண்டி நெரிசல் மிகும், ஊரின் இயல்பு கெடும், வீட்டின் விலை சரியும் என்று கடிதம் போகிறது. அந்தக் குடியிருப்பில் வாழப்போகிறவள் யார்? இரண்டு பேருந்து மாறி வந்து மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் பெண்ணாக இருக்கலாம். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, அவள் இன்னும் அந்த ஊரில் வாழத் தொடங்கவில்லை. அவளை உள்ளே விடலாமா என்பதைப் பற்றித்தான் பேச்சே! வெளியே நிற்பவளுக்கு வாக்கில்லாத மன்றம், கதவைத் திறப்பதா சாத்துவதா என்று வாக்கெடுக்கிறது.

ஊரின் இயல்பு என்ற இந்தச் சொல்லுக்கு அந்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பத்திர நிபந்தனைகளிலே, இந்த வீட்டைக் கருப்பருக்கு விற்கக்கூடாது, வாடகைக்கும் விடக்கூடாது என்று எழுதினார்கள். 1930-களில் கூட்டரசின் வீட்டுக்கடன் துறையே அத்தகைய நிபந்தனைகளைப் பரிந்துரைத்தது. செயின்ட் லூயி நகரில் 1911-இல் ஒரு தெருவின் உடைமையாளர்கள் கூடி ஐம்பதாண்டுக்குச் செல்லுமென ஓர் உடன்படிக்கை செய்தனர். கருப்பருக்கும் மங்கோலிய இனத்தார்க்கும் அங்கே இடமில்லை. 1945-இல் ஷெல்லி என்ற கருப்பர் குடும்பம் அத்தெருவில் வீடு வாங்கியது. அவர்களை வெளியேற்ற வழக்குத் தொடுத்தவர்களுக்குப் பின்னே நின்றது எது? அப்பகுதி உடைமையாளர்களின் மேம்பாட்டுச் சங்கம்! மேம்பாடு என்ற பெயரைப் பாருங்கள். வைக்கத்தில் 1924-இல் தெருவில் நடக்கப் போராட வேண்டியிருந்ததைப் படித்த நமக்கு, தெருவைத் தூய்மையாக வைப்பதென்றால் என்ன பொருள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

1948-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் மூவர் அந்த வழக்கில் அமரவில்லை. அமர்ந்த அறுவரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். தீர்ப்பின் நுட்பத்தை இங்கே நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். தனியார் தமக்குள் அப்படியோர் உடன்பாடு செய்துகொண்டதையே சட்டவிரோதம் என்று நீதிமன்றம் கூறவில்லை. அதை நிறைவேற்றித் தர அரசின் நீதிமன்றம் தன் கையைக் கொடுக்கலாகாது என்றே கூறியது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இன வேற்றுமை காட்டுவதே குற்றமென்று சட்டம் வர மேலும் இருபதாண்டு ஆயிற்று, அது 1968.

இன்றைய மன்றங்கள் இனவெறி பிடித்தவை என்று நாம் சொல்லவில்லை. அவற்றில் எல்லா நிறத்தாரும் அமர்கின்றனர். அந்தத் தீர்ப்பின் நுட்பத்தைத்தான் நாம் கடன் வாங்குகிறோம். தனியார் கூடித் தம் விருப்பத்தைப் பேசட்டும். அது அவர்கள் உரிமை. ஆனால் அரசு தன் கையைக் கொடுக்கலாகாது என்றால், தன் காதை மட்டும் கொடுக்கலாமா? உடைமையுள்ளவனின் சொல்லை ஊரின் சொல்லென ஏற்றுக்கொண்டு கவுண்டி ஆணையிடும்போது, சொத்துள்ளவனுக்கே வாக்கு என்ற பழைய ஏற்பாடு கொல்லைப்புற வழியாக வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

பழைய ஏற்பாடு என்றோமே, அதன் கதையும் சுவையானது. பெஞ்சமின் பிராங்க்ளின் பெயரால் ஒரு கதை வழங்குகிறது. 50 டாலர் சொத்திருந்தால்தான் வாக்கு என்ற விதி. ஒருவனிடம் 50 டாலர் பெறுமானமுள்ள கழுதை இருந்தது, வாக்களித்தான். அடுத்த தேர்தலுக்குள் கழுதை செத்துவிட்டது. இதற்குள் அவனுக்கு அறிவு வளர்ந்தது, அனுபவம் முதிர்ந்தது. ஆனால் வாக்கு போயிற்று. அப்படியானால் வாக்குரிமை அவனுடையதா, கழுதையுடையதா? இந்தக் கேள்விக்கு விடை கூற முடியாமல்தான் மாநிலங்கள் ஒவ்வொன்றாக அந்த விதியைக் கைவிட்டன. 1856-இல் வட கரோலினா கடைசியாகக் கைவிட்டது. (வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே கைவிட்டார்கள் என்பதையும் மறப்பதற்கில்லை.) சட்டமன்ற உறுப்பினர் மக்களுக்குப் பிரதிநிதியே தவிர, மரத்துக்கும் நிலத்துக்கும் அல்லர் என்ற கருத்தில் 1964-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1968-இல் அதே நெறியைக் கவுண்டி ஆட்சிக்குழுக்களுக்கும் நீட்டியது. பெற்றோர் வீட்டில் வாழ்ந்த ஒரு மணமாகாத இளைஞருக்குச் சொத்துமில்லை, பள்ளி செல்லும் பிள்ளையுமில்லை என்று கூறிப் பள்ளிக்குழுத் தேர்தலில் வாக்கு மறுத்தனர். அதுவும் 1969-இல் செல்லாது என்றாயிற்று. வீட்டுடைமையாளர் சங்கம் மட்டும் தனியார் அமைப்பு என்பதால் இந்த வெளிச்சம் எட்டாத நிழலில் இருக்கிறது. அங்கே கழுதைக்கு இன்னும் வாக்குண்டு.

இதற்கு மறுப்புரைப்போர் இரண்டு கூறுவர். மன்றத்துக்கு அதிகாரமே இல்லையே, வெறும் ஆலோசனைதானே என்பது ஒன்று. கேட்கப்படும் ஆலோசனை அதிகாரமேயாகும், தோழர்களே! அதிகாரத்திலும் வசதியானது, தவறு நேர்ந்தால் ‘ஆலோசனைதானே சொன்னோம்’ என்று கைகழுவ முடியும். மற்றொன்று சற்றே வலுவான மறுப்பு. வீட்டுக்காரன் முப்பதாண்டுக் கடன் பட்டு ஊரில் வேர் ஊன்றியவன். வாடகைக்காரன் இன்றிருந்து நாளை போகிறவன். ஊரின் நலத்தில் யாருக்கு அக்கறை மிகுதி? நியாயமான கேள்வி. ஆனால் பல வாடகைக்காரர்கள் வீட்டுக்காரனிலும் நெடுங்காலம் ஒரே தெருவில் வாழ்வதுண்டு. அக்கறையை எதைக் கொண்டு அளப்பது? பிள்ளை படிப்பது அந்தப் பள்ளியில், குடிப்பது அந்தத் தண்ணீர், நடப்பது அந்தச் சாலை. நெருப்பு வரும்போது அது கிரயப் பத்திரத்தைக் காட்டு என்று கேட்பதில்லை.

நெருப்பு என்றதும் அல்டடீனாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில், பாசடீனா நகருக்கு வடக்கே, மலையடிவாரத்தில் 40,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த நகராட்சியில்லா ஊர் அது. அங்கே 1975-இலிருந்து ஒரு தொண்டர் ஊர்மன்றம் இருக்கிறது. நாம் இதுவரை பேசிய மன்றத்தைப் போன்றதன்று அது. சங்கவாரியாக அன்றி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டவாரியாக, எட்டு வட்டத்துக்கு இருவர் வீதம் பதினாறு பேரை அங்கு வாழ்வோரே தேர்ந்தெடுக்கின்றனர். வீட்டுக்குப் பதில் ஆளை எண்ணுகின்ற மன்றம். 2025 ஜனவரி 7 மாலை மலையில் தீ மூண்டது. ஊரைக் கிழக்கு மேற்கெனப் பிரிக்கும் லேக் அவென்யூ என்ற சாலைக்குக் கிழக்கே அன்று மாலையே வெளியேறும் ஆணை வந்தது. இன ஒதுக்கலின் காலத்திலிருந்து கருப்பர் குடும்பங்கள் வாழ்ந்து வந்த மேற்குக்கோ, நள்ளிரவு கடந்து 3 மணிக்குப் பின்னரே வந்தது. 19 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கில் வாழ்ந்தவர்கள். 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின.

ஆளை எண்ணும் மன்றம் இருந்தும் இது நடந்ததே என்பீர்கள். உண்மைதான். எச்சரிக்கை விடும் அதிகாரம் அந்த மன்றத்துக்கு இல்லை. அது கவுண்டியின் கையில் இருந்தது. சரியான வாய் இருந்தது, கை இல்லை. ஆகவே பிரதிநிதித்துவத்தைச் சீர்செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் ஏமாறத் தயாரில்லை. ஆனால் தீ அணைந்த பிறகு நடப்பதைப் பாருங்கள். வீட்டை இழந்த உடைமையாளனுக்கு நிலம் இருக்கிறது, காப்பீடு இருக்கலாம், மீண்டும் கட்ட அனுமதி கேட்கும் உரிமை இருக்கிறது. அதே இரவில் அதே நெருப்பில் எல்லாம் இழந்த வாடகைக்காரனுக்கு மீண்டும் கட்ட எதுவுமில்லை. ஊரை எப்படிக் கட்டுவது என்ற பேச்சில் அவனுக்கு இருக்கை தருவது, உடைமையை எண்ணும் மன்றமா, ஆளை எண்ணும் மன்றமா?

மேரிலாந்து மாநிலத்தில் கொலம்பியா என்ற ஊர் இருக்கிறது. ஜேம்ஸ் ரவுஸ் என்பவர் 1967-இல் திறந்துவைத்தது, இன்றும் நகராட்சியில்லாதது, 2020 கணக்குப்படி 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். பத்திரத்தில் கட்டணத்தைக் கட்டிவைக்கும் அதே முறைதான் அங்கும். ஆனால் தொடக்கத்திலேயே எல்லா இனத்தாருக்கும் வீடு என்று அறிவித்தார்; இன வேற்றுமையைத் தடுக்கும் 1968 சட்டம் வருமுன்பே. ஊர் பத்துக் கிராமங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஊதியமில்லாத ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிறது. குடியிருப்போர் என்ற முறையில் வாடகைக்காரருக்கும் அதில் பங்குண்டு. குறைகள் அங்கும் இருக்கும். எனினும், பத்திரத்தில் தொடங்கும் அமைப்பு பத்திரத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

ஆகவே தொண்டர் மன்றங்களைக் கலைக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. சங்கங்களின் கூட்டமைப்பு என்றால், சங்கங்களின் கூட்டமைப்பு என்றே பெயர் வைத்துக்கொள்ளட்டும்; ஊர் என்ற பெயரைச் சூடிக்கொள்ள விரும்பினால், சங்கமில்லாத் தெருவுக்கும் அடுக்குமாடிக்கும் இருக்கை போடட்டும். மேற்பார்வையாளரும் கடிதத்தை உறையிலிருந்து எடுத்தவுடன் அடியில் உள்ள கையெழுத்தை மட்டும் பார்க்க வேண்டாம். ‘இருபது சங்கங்கள் சார்பில்’ என்று ஒரு வரி அங்கே வழக்கமாக இருக்கும். அதற்குக் கீழே, ஊரில் வாழ்வோர் இத்தனை பேர், இதைப் பற்றிக் கேட்கப்பட்டோர் இத்தனை பேர், மாறுபட்டுக் கையுயர்த்தாத ஐவர் கூறியது இது என்று மேலும் மூன்று வரிகள் எழுதச் சொல்லிக் கடிதத்தைத் திருப்பி அனுப்பட்டும். தாள் செலவு அதிகமாகாது.